மாப்பிள்ளை திருப்பிய ஆன்டெனா

கணபதியில் எங்கள் வீட்டை ஒட்டி அப்பாவுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. பம்புசெட்டுக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுப்பார். வாழ்நாள் முழுக்க இரும்போடு புழங்கியவர் என்பதால் எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் தரத்தை முடிவு செய்வார். செருப்பு, பால் குக்கர், சாமி படத்தின் சட்டம் எதுவானாலும் முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். டி.வி. வாங்கினதும் ஆன்டெனா வாங்க டவுன்ஹால் பக்கம் ஒரு கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

கொடைக்கானல் மலை மேல் இருக்கும் கோபுரத்திலிருந்து வருவதைப் பிடிக்க எத்தனை கம்பி வேண்டும், எந்தக் கம்பி முன்னால் இருக்க வேண்டும், எது பின்னால் என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு ஒவ்வொரு ஆன்டெனாவாகத் தூக்கிப் பார்த்து, "வெயிட்டே இல்லீங்களே" என்று வருத்தப்பட்டார். அலுமினியம் அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் யாரும் வாங்காமல் பரணில் தூசி படிந்து கிடந்த ஒரு ராட்சதனை இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். அதன் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்ததும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. விற்காத சரக்கு விற்ற சந்தோஷத்தில் கடைக்காரர் எங்களுக்கு டீ வரவழைத்தார்.

வாங்கியாயிற்று, வைக்க வேண்டுமே. வீட்டில் உயரமாக எதை நிறுத்தினாலும் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கு மூலையில்தான் நிறுத்த வேண்டும் என்பது மனையடி சாஸ்திரம். எனவே மொட்டை மாடியில் எந்த இடத்தில் படம் நன்றாக வரும் என்று பார்க்கிற வேலையே மிச்சமாகிவிட்டது. சாஸ்திரம் எழுதியவர்கள் டி.வி. பார்த்திருப்பார்களா என்று நான் கேட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன். நல்ல நாள் பார்த்து, இரும்புப் பைப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து நட்டார்கள். ஒரு தேங்காய் உடைத்திருந்தால் கும்பாபிஷேகமே முடிந்திருக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, படம் வந்தது. கொஞ்சம் நிழல் அடித்தது. கதாநாயகன் எப்போதும் தம்பியோடு சேர்ந்தே நடமாடுகிற மாதிரி இருக்கும். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. எதிர் வீட்டில் எங்களைவிட மோசமாகத் தெரிந்ததால் ரொம்பத் திருப்தியாகவே இருந்தோம்.

ஆனால் அந்தப் பைப்பால் உண்மையாகவே பயன் அடைந்தது அம்மாதான். மொட்டை மாடியில் அவளுக்கு ஒரு தோட்டம் இருந்தது. ஓட்டை டிரம், எண்ணெய் டின், உடைந்த சிமெண்டுத் தொட்டி என்று பட்டறையில் கழித்துப் போட்டதையெல்லாம் மேலே ஏற்றி மண் நிரப்பியிருந்தாள். ஆன்டெனா வந்ததும் பைப்பின் அடியில் ஒரு பாதி டிரம்மை வைத்து அவரைக் கொடி போட்டாள். ஆனைமலைப் பக்கத்தில் இருந்த அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த விதை. அங்கே நிலத்தையெல்லாம் தென்னைக்கு மாற்றிவிட்டதால் அந்த அவரை இப்போது அங்கேயும் கிடையாது. கொடி பைப்பில் ஏறி, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அவள் கட்டின கம்பிப் பந்தல் முழுக்கப் படர்ந்தது. தை மாதம் மாடிக்குப் போனால் ஊதாப் பூவும் பட்டை பட்டையாகக் காயும் தலையில் இடிக்கும். டி.வி.யில் என்ன ஓடுகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. மாடியில் எந்தக் கொத்து எப்போது பூத்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

எனக்குக் கல்யாணமாகித் தாராபுரம் போன பிறகு ஒரு தை மாதத்தில் இந்தத் தோட்டத்தின் புகழ் எப்படியோ பரவி, விவசாய நிகழ்ச்சிக்காகப் படம் பிடிக்க டி.வி.க்காரர்களே வந்துவிட்டார்கள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலையில் அவரைப் பந்தலுக்கு அடியில் நின்றாளாம். கேமராவைப் பிடித்திருந்தவர் எங்கிருந்து பார்த்தாலும் ஆன்டெனா குறுக்கே வருகிறது என்று சொல்லி, அதைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

இங்கே எங்கள் வீட்டாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று வெளியூரில் எல்லாரும் மெச்சுகிறார்கள். அந்த மரியாதைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களைத் தனியாகக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். மழை கொட்டும்போது யாராவது வாசலில் நின்று குடை கேட்டால் அப்பா எடுத்துக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வெளியே போவார். காய்ச்சல் வந்தால் அது குடை வாங்கிப் போனவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வார். அம்மா அவருக்கும் மேலே. கேமராக்காரர் கேட்டதும் "அதுக்கென்னங்க, திருப்பிக்குங்க" என்றிருக்கிறாள். அவர்கள் கிளாம்பைத் தளர்த்தி ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு, படம் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பை அவரைக்காயும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் டி.வி.யில் படம் இல்லை. சத்தம் மட்டும் கொரகொரவென்று வரும், திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும். அப்பா அதையும் ஒரு வாரம் பார்த்தார். சத்தம் வருகிறதே, அது போதும் என்று ஆறுதல் சொன்னார். ஆள் வைத்து சரி செய்ய அவருக்கு என்ன தடை என்று கேட்கலாம். வீட்டுக்கு மாப்பிள்ளை இருக்கிறார், அவர் தாராபுரத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். வெளி ஆளைக் கூப்பிட்டால் மாப்பிள்ளையை மதிக்காத மாதிரி ஆகிவிடும். மதித்ததால் படம் இல்லாமலே இருந்தது.

பிறகு நிகழ்ச்சி ஒளிபரப்பாகப் போகும் நாளைப் பக்கத்துப் பட்டறைக்கு போன் செய்து சொன்னார்கள். அம்மா அதே போனில் தாராபுரத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். அவளாகவே எனக்கு போன் செய்தது அதுதான் முதல் தடவை. "ஒரு தடவை பாத்துப்போட்டாப் போதும் கண்ணு. திரும்பப் போட மாட்டாங்களாமா" என்றாள். தனக்கென்று ஒரு சேலை கூடக் கேட்டு வாங்காதவள். பதிவு செய்து வைத்துப் பார்க்கிற வசதியெல்லாம் எங்களுக்குத் தெரிந்த யாரிடமும் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் தவறினால் தவறியதுதான்.

நாங்கள் அன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கினோம். என் கணவர் கையில் ஸ்பேனர் செட். காபியைக் குடித்துவிட்டு மாடிக்குப் போனவர், தெருவில் உள்ள ஆன்டெனா எல்லாம் தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். கவனித்துவிட்டு, தெருக்காரர்கள் எல்லாருமே தப்பாக வைத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். படித்த மனிதர்.

ஏற்பாடு இப்படி. அவர் மேலே நின்று ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். கூடத்தில் டி.வி. எதிரே அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். ஜன்னல் பக்கம் நான் நிற்பேன். ஆன்டெனா திருப்புவதில் உலகம் முழுக்க ஒரே முறைதான்: மேலே இருப்பவன் திருப்புவான், கீழே இருப்பவன் தெரிகிறது அல்லது தெரியவில்லை என்று கத்துவான். இதில் கஷ்டம் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். மேலே இருப்பது மாப்பிள்ளை, கீழே இருப்பது என் அப்பா என்பதுதான் கஷ்டம்.

முதல் திருப்பு. திரையில் வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது. "தெரியுதுங்களா மாமா" என்று மேலிருந்து சத்தம் வந்தது.

"தெரியுதுங்க மாப்பிள்ளை. நல்லாத் தெரியுதுங்க" என்றார் அப்பா.

நான் திகைத்துப் போனேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒன்றுமே தெரியவில்லை என்று கத்தினேன். அப்பா என்னைப் பிடித்து உள்ளே இழுக்காத குறை. "சும்மா இரு அம்மணி. மாப்பிள்ளை வெயில்ல நிக்கறாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நானும் விடவில்லை, இரண்டு தடவை கத்திப் பார்த்தேன். பெண்டாட்டி சொன்னால் அது குறை சொல்வது, மாமனார் சொன்னால் அது தகவல். என் கணவர் தகவலை எடுத்துக்கொண்டு கிளாம்பை முறுக்கிவிட்டு இறங்கி வந்தார்.

வந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளி. இத்தனை நேரம் தெளிவாக இருந்தது, நீங்கள் படியிறங்கும்போதுதான் போனது என்று அப்பா கண்ணிமைக்காமல் சொன்னார். என் கணவர் மறுபடியும் ஏறினார். மறுபடியும் திருப்பினார், மறுபடியும் நல்லாத் தெரிந்தது, மறுபடியும் இறங்கி வந்தார். மறுபடியும் போயிருந்தது. மாப்பிள்ளையின் சட்டை முதுகில் ஒட்டுவதைப் பார்க்கப் பார்க்க அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆகவே இன்னும் சீக்கிரமாகத் தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு தடவை மாப்பிள்ளை ஆன்டெனாவைத் தொடும் முன்பே தெரிந்துவிட்டது.

நான் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னேன். நீயாவது நிஜத்தைச் சொல்லேன் என்றேன். அவள் பருப்பைக் கடைந்துகொண்டே, அப்பா சொன்னதற்கு மாறாகத் தான் எப்படிச் சொல்வது, மாப்பிள்ளைக்கு முன்னால் அவருக்குத் தலைகுனிவாகிவிடும் என்றாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருத்தருக்கு ஒருத்தர் தலை குனியாமல் பார்த்துக்கொண்டதில் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கண் தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் கணவர் யோசனையில் இருந்தார். மில்லில் மோட்டார் நின்றுபோனால் என்ன காரணம் என்று படிப்படியாக யோசித்துக் கண்டுபிடிக்கிற ஆள் அவர். அங்கே எல்லாரும் அவரிடம் உண்மை சொல்வார்கள் போலிருக்கிறது. ரசம் ஊற்றும்போது முடிவுக்கு வந்துவிட்டார். "நான் புடிச்சிருக்கற வரைக்கும் தெரியுதுங்க மாமா. கையை எடுத்தாப் போயிருது. அந்த அவரைக் கொடிதான் காத்துக்குப் பைப்பை இழுக்குதுங்க."

யோசித்துப் பார்த்தால் அவர் மேல் பிழையே இல்லை. கொடுத்த விவரம் உண்மையாக இருந்திருந்தால் முடிவும் சரியாகவே இருந்திருக்கும். அப்பா பேச வேண்டிய ஒரே இடம் அது. அவர் தயிரைப் பிசைந்துகொண்டே, மாப்பிள்ளை சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்றார்.

என் கணவர் அம்மாவைப் பார்த்து ரொம்பப் பணிவாகக் கேட்டார். "அத்தை, கொடியை எடுத்துரலாமுங்களா?"

அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லம்மா, சொல்லிவிடு என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். "எடுத்துருங்க மாப்பிள்ளை. அதுக்கென்ன" என்றாள். பிறகு அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

நான் அவரைத் தனியாக மாடிப்படியில் மறித்து வேண்டாம் என்றேன். அத்தையே சரி என்ற பிறகு நீ என்ன நடுவில் என்று கேட்டுவிட்டுப் போனார். அரிவாள் எடுக்கவில்லை, பட்டறையிலிருந்து தகடு வெட்டுகிற கத்திரியை எடுத்துப் போனார். கொடி பைப்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் அடியோடு வெட்டினார். பந்தல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து, தண்ணீர்த் தொட்டி மேல் தொங்கியது. அதையும் இழுத்துச் சுருட்டி மூலையில் போட்டார். கீழே சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. அவள் மாடிப்பக்கம் வரவில்லை.

கொடி போன பிறகும் ஆன்டெனா அதே மாதிரி ஏமாற்றியது. அப்பாவும் அதே மாதிரி நல்லாத் தெரியுதுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் தாழ்ந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் ஏற்கெனவே டி.வி. போட்டுவிட்டார்கள். அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, அதே பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து டி.வி.க்கு முன்னால் பாயில் உட்கார்ந்தாள். தன்னைத் தானே பார்ப்பதற்குப் பட்டுச் சேலையா என்று வேறொரு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பேன். நிகழ்ச்சியின் ஆரம்ப இசை கொரகொரத்தது. திரையில் புள்ளிகள். யாரோ ஒரு ஆள் வணக்கம் சொல்வது கேட்டது. கோவை கணபதியில் ஒரு வீட்டு மாடியில் என்று அந்தக் குரல் ஆரம்பித்தது.

மேலே இருந்து என் கணவர் தெரிகிறதா என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா பாயிலிருந்து எழுந்துவிட்டாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். என்னை ஒதுக்கிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினாள்.

"இல்லீங்க மாப்பிள்ளை. எதுவுமே தெரியலீங்க. காத்தாலருந்தே தெரியலீங்க."

அப்பா நாற்காலியில் சிலையாகிவிட்டார். மேலே பைப்பு கிரீச்சென்று திரும்புகிற சத்தம். அம்மா திரையைத் திரும்பிப் பார்த்தாள். இல்லீங்க என்றாள். மறுபடியும் கிரீச். இல்லீங்க. அவள் குரலுக்கு அத்தனை பலம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். இல்லீங்க, இன்னும் வரலீங்க, இல்லீங்க, இந்தப் பக்கமில்லீங்க என்று ஒவ்வொரு திருப்புக்கும் மரியாதை குறையாமல் மறுத்துக்கொண்டே இருந்தாள். பட்டறையிலிருந்து இரண்டு பேர் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஆன்டெனா தெருவில் மற்ற எல்லாரும் பார்க்கிற அதே திசையை வந்து அடைந்தது. புள்ளிகள் விலகின. "இருங்க, இப்பத் தெரியுதுங்க. கையை எடுங்க. தெரியுதுங்க" என்றாள்.

திரையில் எங்கள் மொட்டை மாடி. நிழல் கூட அடிக்கவில்லை, அத்தனை சுத்தம். பந்தல் முழுக்க ஊதாப் பூ. அடியில் அம்மா, பட்டுச் சேலையில், கேமராவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள் போல, வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஆரம்பமெல்லாம் போய்விட்டது. கேள்வி கேட்பவர் கை உயர்த்தி ஒரு கொத்தைக் காட்டி, இதை மட்டும் ஏன் பறிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்றார். டி.வி.யில் இருந்த அம்மா, அது விதைக்கு விட்டது, கொடியிலேயே நன்றாகக் காய வேண்டும், இந்த விதை வேறெங்கும் கிடைக்காது என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் கணவர் இறங்கி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தலையில் ஒரு அவரை இலை ஒட்டிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். மேலே சுருட்டிப் போட்டதில் அந்த விதைக் கொத்தும் முற்றாமல் பச்சையாகவே கிடந்தது, அவருக்கும் அது தெரியும். நிகழ்ச்சி உரத்துக்கு மாறியது. யாரும் டி.வி.யை நிறுத்தவில்லை.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே அத்தை" என்றார்.

அம்மா அவர் தலையிலிருந்த இலையை எட்டி எடுத்தாள். "இல்லைன்னு சொல்ல இப்பத்தானுங்க மாப்பிள்ளை பழகுனேன். நீங்க மத்தியானமே அறுத்துப்போட்டீங்க."